அத்தானின் இரண்டு கன்னங்கள்

பீச் பழ நிறத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு நாளும் எல்லாரும் என்னைப் பார்த்து, "உனக்கு ஏன் பீச் மேல இவ்வளவு கோபம்?" என்றுதான் கேட்டார்கள். என் கோபம் நிறத்தின் மேல் இல்லை. கட்டைவிரல் அகல நிற அட்டையைப் பார்த்துவிட்டு நாலு சுவருக்கும் தீர்ப்பு சொல்கிறவர்கள் மேல். நானே ஒருமுறை அப்படித் தீர்ப்பு சொல்லி மாட்டிக்கொண்டவள் என்பதால் கோபம் கொஞ்சம் கூடுதல்.

அது ஒரு டாக்டர் வீட்டு ஹால். ஷேட் கார்டு என்கிற அந்த நிற அட்டையில் வெண்ணெய் மாதிரி இருந்த மஞ்சளை நான்தான் பரிந்துரைத்தேன். சுவரில் ஏறியதும் அது கூச்சல் போட்டது. டாக்டர் நடு ஹாலில் நின்று, "எலுமிச்சம்பழத்துக்குள்ள குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு" என்றார். மறுபடி சுவரைச் சமமாக்கப் பட்டி, மறுபடி அடிப்பூச்சுக்கு ப்ரைமர், மறுபடி இரண்டு கோட். அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் நடுவில் என் பெயர் எலுமிச்சை. பெயர் வைத்தது என் அத்தான், அக்கா வீட்டுக்காரர்.

அத்தான்தான் பெயிண்ட் மேஸ்திரி. எட்டுப் பேர் வேலை செய்கிறோம், அதில் பதினேழு வருஷமாக நானும் ஒருத்தி. பேச்சு அவருடையது, சுவர் என்னுடையது. வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் "நானும் அதையேதான் நெனச்சேன்" என்பார். மதில் மேல் பூனைக்காவது ஒரு சமயம் குதிக்க வேண்டியிருக்கும். இவர் மதிலிலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொள்வார். ஆனால் நல்ல மனுஷர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன மாதம் அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் எத்தனை வருஷம் அவளைச் சுவர் சுரண்டவே வெச்சிருப்பீங்க? நாலு ஆளைப் பிரிச்சுக் கொடுங்க. தனியா வேலை எடுக்கட்டும்."

"எடுக்கட்டுமே, யார் வேண்டாம்னா? சுவரைப் பூச ஆயிரம் பேர் இருக்காங்க. கஸ்டமர் முன்னாடி நின்னு ஒரு கலரைச் சொல்லி, அதை நிலைநிறுத்தினா அவ மேஸ்திரி. வர்ற பியூட்டி பார்லர் வேலையில பாக்கலாம். அந்த மேடம் இவ பேச்சை எடுத்துக்கிட்டா நாலு ஆள் இவளுக்கு. எடுத்துக்கலேன்னா இந்தப் பேச்சு இனி இந்த வீட்ல வரக்கூடாது."

"சரி" என்றேன். மனசு இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வாய் மட்டும் திடமாக இருந்தது.

பார்லர் ஒரு குறுகலான கடை. முன்பு அங்கே செல்போன் ரிப்பேர் கடை இருந்ததாம், சுவரெல்லாம் வெளிர்நீலம். தெருவைப் பார்த்து ஒரு ஹால். அதற்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேக்கப் அறைகள். இரண்டும் ஒரே அளவு, எட்டடிக்கு ஆறடி. இரண்டிலும் ஒரே மாதிரிக் கண்ணாடி, அதைச் சுற்றி ஒரே மாதிரி பல்புகள். ஜன்னல் இல்லை. நாங்கள் போன நாளிலிருந்து ஐந்தாம் நாள் கடை திறப்பு.

மேடத்துக்கு இது இரண்டாவது கடை. நின்று பேசி நான் பார்த்ததில்லை. கார் சாவியை நீட்டி நீட்டிக் காட்டியபடி நடந்துகொண்டே பேசுவார். "எனக்கு வெதுவெதுப்பா இருக்கணும். உள்ளே வந்ததும் ஆஸ்பத்திரி ஞாபகம் வரக்கூடாது. அவ்வளவுதான்."

அந்த வெதுவெதுப்புக்கு இரண்டு நிறங்கள் மிஞ்சியிருந்தன. ஒன்று லேசாகச் சிவப்போடும் பீச், மற்றொன்று வெளிர்மஞ்சள் சந்தனம். உள் அலங்காரம் செய்பவர் நீலச் சுவரிலேயே இரண்டையும் கையகலத்துக்குப் பூசச் சொன்னார். எந்தக் கேள்விக்கும் ஒரு சொற்பொழிவு வைத்திருப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் புரொபசர்.

"பாருங்க மேடம். ரெண்டுமே வெதுவெதுப்பான கலர்தான். ஆனா பீச் பேசும். சந்தனம் சும்மா கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கும்."

"பேசட்டும்" என்றார் மேடம்.

"நானும் அதையேதான் நெனச்சேன்" என்றார் அத்தான்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த நீலத்தின் நடுவில் பீச் பழுத்த மாம்பழமாக ஜொலித்தது. சந்தனம் பழைய நோட்டுப் புத்தகத்தின் தாள் மாதிரி கிடந்தது. ஆனால் நீலத்தைப் பக்கத்தில் வைத்தால் எந்த ஆரஞ்சுச் சாயலும் பளபளக்கும் என்பது எனக்குத் தெரியும். நாளைக்கு அந்த நீலம் அங்கே இருக்கப்போவதில்லை.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றேன். அத்தான் என் காலை மிதித்தார். நான் காலை உருவிக்கொண்டேன். "நீலம் பக்கத்துல இருக்கிற வரைக்கும் எதையும் நம்ப முடியாது. அந்த ரெண்டு ரூமையும் எனக்குக் கொடுங்க. நீலத்தை மறைச்சு, ஒண்ணுல பீச், ஒண்ணுல சந்தனம், கூரை வரைக்கும் ரெண்டு கோட் அடிச்சுக் காட்டறேன். உள்ளே நின்னு பாத்து முடிவு பண்ணுங்க."

"உன் சாய்ஸ் எது?"

"சந்தனம்."

"எப்போ காட்டுவே?"

"நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு."

கார் சாவி என் பக்கம் நீண்டது. "நாலு மணிக்கு என் மனசு மாறலேன்னா பீச்தான். அதுக்கப்புறம் பேச்சில்லை."

அன்று மதியமே பட்டி பார்த்து ப்ரைமர் அடித்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு நானும் ஏணியும் வந்துவிட்டோம். ஏணி என்பது எங்கள் ஆட்களில் ஆறடி மூன்றங்குலம் உள்ள ஒருத்தன். கூரை ஓரத்துக்கு அவனுக்கு ஸ்டூல் போதும். பத்து மணிக்கு முதல் கோட், ஒரு மணிக்கு இரண்டாவது. இரண்டரைக்குக் காய்ந்துவிட்டது. கண்ணாடியைச் சுற்றியுள்ள பல்புகளைப் போட்டுவிட்டு இரண்டு அறையையும் பார்த்தேன்.

பீச் அறை அவ்வளவு அழகாக இருந்தது.

ஏணி அதற்குள் போய் நின்று இடுப்பில் கைவைத்துச் சிரித்தான். "எலுமிச்சைக்கா, இங்கே நின்னா கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

"சந்தன ரூம்ல?"

"கல்யாணம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

அவனை அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. சந்தன அறை சுத்தமாக இருந்தது, அமைதியாக இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வேண்டுமென்றே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். நாலு ஆள் போச்சு. அக்காவிடம் என்ன சொல்வது? டாக்டர் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு தோற்றேன்; இங்கே கண்ணைத் திறந்துகொண்டே தோற்கப்போகிறேன்.

பீச் அறையில் கண்ணாடி ஓரத்தில் பெயிண்ட் படாமலிருக்க ஒட்டியிருந்த டேப்பை உரிக்கப் போனேன். உரிக்கும்போது கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. யாரோ சித்தி மகளைப் பார்ப்பது போல் பார்த்தேன். கன்னத்தில் செக்கச்செவேலென்று ஒரு களை. அக்கா கல்யாண ஆல்பத்தில்கூட நான் அப்படி இருந்ததில்லை. பொய் சொல்வானேன், அரை நிமிஷம் எனக்குப் பெருமையாகவே இருந்தது. தலையைச் சாய்த்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. காலை ஆறு மணியிலிருந்து ஏறி இறங்குகிறவள், சாப்பிடாதவள், நாற்பத்திரண்டு வயதுக்காரி. இந்த மூஞ்சிக்குக் களை எங்கிருந்து வந்தது?

பக்கத்து அறைக்கு ஓடினேன். சந்தன அறைக் கண்ணாடியில் என் சொந்த முகம் நின்றது. கண்ணுக்குக் கீழே கருவளையம், புருவத்தில் பட்டித் தூசி, பசியில் வாடின கன்னம். மறுபடி பீச் அறைக்கு வந்தேன், கல்யாணக் களை. மறுபடி சந்தனம், கருவளையம். ஏணியை இழுத்து வந்து இரண்டு கண்ணாடிக்கு முன்னாலும் நிறுத்தினேன். பீச்சில் பிறந்தநாள் கொண்டாடுகிறவன், சந்தனத்தில் பெயிண்ட் அடிக்கிறவன். ஜன்னல் இல்லாத எட்டடி அறையில் நாலு பக்கச் சுவரும் தன் சிவப்பை ஆள் மேல் எறிந்துகொண்டிருந்தது.

நாங்கள் எல்லாரும் நேற்றிலிருந்து செய்த தவறு அப்போதுதான் புரிந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த அறைக்குள் வருகிற எவளும் சுவரைப் பார்க்கப்போவதில்லை. கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்ப்பாள். மேக்கப் போடுகிறவரும் அந்த முகத்தைத்தான் பார்ப்பார். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். இங்கே சுவரின் அழகு முகத்தில் தெரிந்தது.

நாலு மணிக்கு மேடம், புரொபசர், அத்தான் மூவரும் வந்தார்கள். கூடவே மேடத்தின் முதல் கடையில் இருபது வருஷமாக வேலை செய்யும் மேக்கப்காரம்மாவும் வந்திருந்தார். சிவந்த விரல்நுனிகள், மூக்கின் மேல் சங்கிலி போட்ட கண்ணாடி. இந்த அறைகளில் உட்கார்ந்து வேலை செய்யப்போவது அவர்தான்.

மேடம் பீச் அறைக்குள் நுழைந்தார். முதல் தடவையாக நடையை நிறுத்தி நின்றார். சிரித்தார். "முடிஞ்சது. இதுதான்."

"நானும் அதையேதான் நெனச்சேன் மேடம்" என்றார் அத்தான். என்னைப் பார்த்து, போகட்டும் விடு என்பது போல் தலையாட்டினார்.

"மேடம், ரூம் அழகுதான். இந்த ரெண்டுல பீச்தான் அழகு. நானே ஒத்துக்கறேன்" என்றேன். புரொபசர் பெருந்தன்மையாகப் புன்னகைத்தார். "ஆனா இந்த ரூம்ல போடற மேக்கப் தெருவுக்குப் போனா தாங்காது."

மேக்கப்காரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்ன சொல்றே? என் மேக்கப் தாங்காதா?"

"உங்க கையைச் சொல்லலைம்மா. சுவரைச் சொல்றேன். இந்தச் சுவர் மூஞ்சிக்கு இரவல் சிவப்பு கொடுக்குது. நீங்க அதை மூஞ்சியோட சொந்தச் சிவப்புன்னு நெனச்சுக் கையை நிறுத்திடுவீங்க. வெளியே போனா இரவல் கொடுத்த சுவர் கூட வராது."

"இருபது வருஷமா பண்றேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். நான் இதுவரைக்கும் எந்தக் கூடத்தையும் குத்தம் சொன்னதில்லை."

"அதுவுமில்லாம மனுஷக் கண் தானாவே சரிபண்ணிக்கும்" என்று புரொபசர் ஆரம்பித்தார். "அஞ்சு நிமிஷம் உள்ளே இருந்தா..."

"சரிபண்ணிக்கட்டும் சார். அப்போ தோத்தது நான். பாத்துடலாமே? ஒரே மூஞ்சி. ஒரு பாதிக்கு இங்கே மேக்கப், இன்னொரு பாதிக்கு அந்த ரூம்ல. அப்புறம் தெருவுல நிறுத்திப் பாப்போம்."

மேடம் சாவியைச் சுழற்றினார். "பத்து நிமிஷம்" என்றார். "யார் மூஞ்சி?"

என் முகத்தில் பட்டி. புரொபசருக்குத் தாடி. ஏணிக்கு அன்று அம்மைத் தழும்பு ஞாபகம் வந்துவிட்டது. மேடம் முடியாது என்று முதலிலேயே கையை ஆட்டிவிட்டார். எல்லாருடைய பார்வையும் ஒரே இடத்தில் போய் நின்றது. அத்தான் அன்று காலைதான் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்திருந்தார்.

"நானா? எனக்கா? மீசை இருக்கே!"

"மீசைக்கு மேக்கப் வேண்டாம் அத்தான். கன்னம் போதும்."

அவரை உட்காரவைத்தோம். கழுத்தைச் சுற்றித் துண்டு. மேக்கப்காரம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: ஒரே பவுடர், கன்னத்துக்குச் சிவப்பேற்றும் ஒரே ரூஜ், ஒரே பிரஷ், கண்ணுக்குப் போதும் என்று படும்போது நிறுத்திவிடுங்கள். கோபத்தில் இருந்தாலும் அவர் தொழிலில் கோபத்தைக் கலக்கவில்லை. இடது கன்னத்தில் பவுடர் பூசினார், ரூஜைத் தொட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு இழுப்பு. தலையைச் சாய்த்துப் பார்த்தார். "போதும்."

அந்தப் பாதியைச் சுத்தமான துண்டால் மூடினேன். அதைப் பார்த்து இதைச் சரிக்கட்டக் கூடாதே. சந்தன அறையில் வலது கன்னம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நிறுத்தவில்லை. ஐந்து, ஆறு. முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு தடவை ரூஜைத் தொட்டார். ஏழு, எட்டு, ஒன்பது. "இப்போ சரி."

எண்ணிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். ஒன்பது என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனாலும் வெளிச்சம் சொல்ல வேண்டும்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்த வாசலில் துண்டை எடுத்தோம். அரை இருட்டில் இரண்டு கன்னமும் ஒன்றாகத்தான் தெரிந்தன. "பாத்தீங்களா? நான் சொன்னேனே" என்று புரொபசர் தொண்டையைச் செருமினார். நான் அத்தானின் முழங்கையைப் பிடித்து மூன்று படி இறக்கி, நடுத்தெருவில், நாலரை மணி வெயிலில் நிறுத்தினேன்.

முதலில் சிரித்தது காய்கறிப் பையோடு போன ஒரு அம்மாள். சைக்கிளில் போனவர் இறங்கிவிட்டார். அத்தானின் வலது கன்னம் நன்றாக ரத்தம் ஓடுகிற மனுஷனுடையது. இடது கன்னம் வெளுத்து, மாவு பூசிய மாதிரி, பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுடையது. மூக்கு எல்லைக்கோடு.

"என்ன? என்ன தெரியுது? யாராவது சொல்லுங்களேன்" என்றார் அத்தான்.

மேக்கப்காரம்மா இறங்கி வந்து அவர் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். சங்கிலிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"இப்படி ஒரு கல்யாணப் பொண்ணை மேடையேத்த அனுப்பியிருப்பேனே" என்றார் மெதுவாக. பிறகு மேடத்திடம் திரும்பினார். "கூடம் கோணல்தான் மேடம். அந்த ரூம்ல நான் உக்கார மாட்டேன். இவ சொல்ற ரூம் வேணும்."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பதினேழு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தவள், முதல் தடவையாக ஆட்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஏணி படியில் நின்றபடி கைதட்டினான். சைக்கிள்காரர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்.

"அப்போ கடை முழுக்க சந்தனம்" என்றார் மேடம்.

"நானும் அதையேதான்..." என்று அரைக் காய்ச்சல் முகத்தோடு அத்தான் ஆரம்பித்தார்.

"வேண்டாம் மேடம்" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். "முன் ஹாலுக்குப் பீச்சே இருக்கட்டும். சார் செலக்ட் பண்ணினது நல்ல கலர். வர்றவங்க அங்கே உக்காந்து, நாம அழகாத்தான் இருக்கோம்னு சந்தோஷப்படட்டும். உள் ரூம் ரெண்டும் சந்தனம். அங்கே பொய் வேண்டாம்."

புரொபசர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். அவருடைய அடுத்த சொற்பொழிவில் அது வரும். வரட்டும்.

மேடம் ஹாலைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படியே பண்ணு. மூணாவது கடைக்கும் இடம் பாத்துட்டேன். அதுக்கு யார்கிட்ட பேசணும்?" கேட்டபடியே, பழக்கதோஷத்தில், அவர் கண் அத்தானிடம் போனது.

அத்தான் வாயைத் திறந்தார். நான் காத்திருக்கவில்லை. "என்கிட்ட பேசுங்க மேடம்."

அத்தான் கழுத்திலிருந்த துண்டை உருவினார். அதைத் தோளில் போட்டுக்கொண்டார். "ஆமா மேடம், இவகிட்டேயே பேசுங்க. நாலு ஆளோட இவ தனியாப் போறா. எந்த நாலுன்னு இவளே எடுத்துக்கட்டும்." அவர் மதிலிலிருந்து குதித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

"ஏணி எனக்கு" என்றேன்.

"ஐயோ, ஏணியா?" என்றார் அத்தான்.

மேடம் போன பிறகு முதல் வேலையாகப் பெயிண்ட் கடைக்குப் போன் போட்டேன். ஹாலுக்கு எத்தனை லிட்டர் பீச், பீச் அறையை மாற்ற எத்தனை லிட்டர் சந்தனம், எப்போது வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் உம் கொட்டிவிட்டு, வழக்கம்போல், "சரிம்மா, போனை மேஸ்திரிகிட்ட குடு. ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றார்.

"கேளுங்க" என்றேன். "மேஸ்திரிதான் பேசறேன்."